கத்தோலிக்கக் கோயில் குடும்பங்களின் அன்பியம் குழு: மாதத்தின் முதல் வெள்ளி இரவு

[இரவு 8:51] டீச்சர் அக்கா: ஆறு மணிப் பூசை எட்டேகாலுக்கு முடிந்திருக்கிறது. நாளைக்குப் பிள்ளைகளுக்குப் பரீட்சை. யாராவது ஃபாதரிடம் சொல்லக் கூடாதா?

[8:53] கீபோர்டு தம்பி: ஆவியானவர் இறங்கும்போது கடிகாரம் பார்க்கலாமா அக்கா 🙏

[8:56] டீச்சர் அக்கா: ஆவியானவர் மேல் எனக்கு ஒரு வழக்கும் இல்லை தம்பி. நற்கருணை அப்பம் வாங்கிவிட்டு வந்து முழங்காலில் இருக்கிறேன். உன் ஸ்பீக்கர் தூணில், சரியாக என் தலைக்கு மேலே. வந்திருந்த பிரசங்கியார் "கையைத் தட்டுங்கள், இன்னும் சத்தமாக" என்கிறார். அப்போ நான் எப்போது ஆண்டவரிடம் பேசுவது?

[8:58] கடைசி வீட்டு மாமா: அப்பா பாதியிலேயே எழுந்து வெளியே போய் மாதா கெபி முன்னால் உட்கார்ந்துவிட்டார். "இது பூசையா கூட்டமாடா?" என்று கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை.

[9:04] செபக்குழு அத்தை: எல்லாரும் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். என் வீட்டுக்காரர் குடியை விட்டது எப்படி என்று இந்தத் தெருவுக்கே தெரியும். கேரளாவில் முரிங்ஙூர் டிவைன் தியான மையத்தில் தமிழ் தியானம், ஞாயிறு போய் வெள்ளி திரும்பினோம். முதல் இரண்டு நாள் கையைக் கட்டிக்கொண்டு முறைத்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் பாட்டுக்கு நடுவில் அழ ஆரம்பித்தவர், நேராகப் பாவசங்கீர்த்தன வரிசையில் போய் நின்றார். 22 வருடம் கழித்து! கைத்தட்டல்தான் அவரைப் பூசைக்கே திருப்பிக் கொண்டுவந்தது.

[9:05] கீபோர்டு தம்பி: 🔥🔥 அல்லேலூயா

[9:11] உபதேசியார்: அத்தை சொல்வது உண்மை, நானும் பார்த்தவன். ஆனால் அது தியானத்தில் நடந்தது, பூசைக்குள் அல்ல. 2000 செப்டம்பர் 14 தேதியிட்டு வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் குணமளிக்கும் செபங்கள் பற்றி ஓர் அறிவுரை வெளியிட்டது. கையெழுத்துப் போட்டவர் கர்தினால் ராட்சிங்கர், பின்னாளில் திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட். திருப்பலிக்குள் அந்தச் செபங்களை நுழைக்கக் கூடாது என்று 7-ஆம் பிரிவு சொல்கிறது. விசுவாசிகள் மன்றாட்டில் நோயாளிகளுக்காகக் கருத்துச் சேர்க்கலாம். பூசை அல்லாத செபக்கூட்டத்திலும் நாடகத்தனம் கூடாது.

[9:13] கீபோர்டு தம்பி: திருத்தந்தை பிரான்சிஸ் 2019-ல் நம் கரிஸ்மாட்டிக் (அருங்கொடை) இயக்கத்துக்கென்றே காரிஸ் என்று தனி அமைப்பே தொடங்கி வைத்தாரே அண்ணே?

[9:17] உபதேசியார்: வைத்தார். ஆனால் முதலில் இந்த இயக்கத்தார் வழிபாட்டையும் சாம்பா நடன வகுப்பையும் குழப்பிக்கொள்கிறார்கள் என்று கிண்டல் செய்தவரும் அவரேதான். அப்படிச் சொன்னதற்கு வருந்துவதாக 2013-ல் விமானத்தில் பத்திரிகையாளர்களிடம் ஒப்புக்கொண்டார். மறு வருடம் ரோம் ஒலிம்பிக் ஸ்டேடியத்தில் முழங்காலிட்டு, கூட்டமே தனக்காகச் செபிக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மனம் மாறியது இயக்கத்தைப் பற்றி. அதற்காகப் பூசைக்குள் என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று ஆகிவிடாது.

[9:18] ரேஷன்கடை சித்தப்பா: 🌹இனிய இரவு வணக்கம்🌹 (மன்னிக்கவும், வேறு குழுவுக்கு)

[9:22] செபக்குழு அத்தை: ஆட்டோக்காரர் குடும்பம் பெந்தகோஸ்தே சபைக்குப் போனது எதனால்? நம் கோயிலில் உயிர் இல்லை என்றுதானே? அதற்குத்தான் இவ்வளவும் செய்கிறோம்.

[9:29] டீச்சர் அக்கா: நான் அந்தப் பெண்ணிடமே கேட்டேன் அத்தை. டிரம்ஸுக்காகப் போகவில்லை. பிள்ளைக்கு டெங்கு வந்து திரும்பிய வாரம், சபையிலிருந்து மூன்று பேர் ராத்திரி பத்து மணிக்கு வந்தார்களாம். பாயில் உட்கார்ந்து, பிள்ளை தலையில் கை வைத்துச் செபித்துவிட்டு, இரண்டு இளநீர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த மாதம் நம் பங்கிலிருந்து அவர்கள் வீட்டுக்குப் போனது கோயில் வரி ரசீது.

[9:58] ஃபாதர்: எல்லாவற்றையும் படித்தேன். இன்றைக்குத் தப்பு என்னுடையது. நற்கருணைக்குப் பிறகு மைக்கைப் பிரசங்கியாரிடம் கொடுத்தது நான்தான். ஐந்து நிமிடம் என்று நினைத்தேன், ஐம்பது ஆனது.

அடுத்த முதல் வெள்ளியிலிருந்து ஏழு மணிக்கு ஆசீர்வாதத்தோடு பூசை முடிந்துவிடும். வீட்டுக்குப் போக வேண்டியவர்கள் போகலாம். பிறகு ஆராதனை. அங்கே பாடுங்கள், கை தட்டுங்கள், நோயாளிகளுக்காகச் செபிப்போம். பூசையில் நற்கருணைக்குப் பிறகு மட்டும் ஒரு வாத்தியமும் வேண்டாம்.

வரும் பெந்தகோஸ்து (தூய ஆவி இறங்கிய) திருநாளுக்கு முந்தின இரவு விரிவான திருவிழிப்பு வைக்கலாம். திருச்சபைப் புத்தகத்திலேயே இருக்கிறது: பாபேல், சீனாய், எசேக்கியேலின் உலர்ந்த எலும்புகள், யோவேல் என்று நான்கு பழைய ஏற்பாட்டு வாசகம். நாம்தான் தொடுவதே இல்லை.

[10:01] கீபோர்டு தம்பி: எலும்புகள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் ஒரு சின்ன டிரம் ரோல் ஃபாதர்?

[10:01] ஃபாதர்: வாசகம் முடியட்டும்.

[10:02] கீபோர்டு தம்பி: சரி ஃபாதர் 😅

[10:06] ஃபாதர்: அத்தை, செபக்குழுவிலிருந்து செவ்வாய்தோறும் மூன்று பேர் நோயாளி வீட்டுக்குப் போக முடியுமா? நோயாளிகளுக்குப் பூசும் தைலத்தோடு நானும் வருகிறேன்.

[10:08] செபக்குழு அத்தை: போகலாம் ஃபாதர். முதலில் யார் வீடு?

[10:09] டீச்சர் அக்கா: ஆட்டோக்காரர் வீடு. பிள்ளைக்கு இன்னும் சோர்வு போகவில்லையாம்.

[10:12] செபக்குழு அத்தை: அவர்கள் இப்போ சபையாயிற்றே... சரி, கேட்டுப் பார்க்கிறேன். வரச் சொன்னால் இளநீர் நான் வாங்கிவிடுகிறேன்.

[10:20] கடைசி வீட்டு மாமா: கோயிலில் யாராவது அப்பாவின் கைத்தடியைப் பார்த்தீர்களா?

[10:21] கீபோர்டு தம்பி: இரண்டாவது பெஞ்சில் கிடந்தது மாமா, எடுத்து வைத்திருக்கிறேன். அப்போ தாத்தா தடி இல்லாமலா வீட்டுக்கு வந்தார்? அல்லேலூயா!! சாட்சி!!

[10:22] கடைசி வீட்டு மாமா: பைக்கில் கூட்டி வந்தேன்டா.