புதுப்பிப்பு: தாத்தா காலத்துத் தேக்கு பீரோவின் பாலிஷ்

தருமபுரி வீட்டிலுள்ள பழைய தேக்கு பீரோவின் பூச்சு கறுத்து, நுண்ணிய வெடிப்புகளோடு கிடப்பதால் அதை இழைத்து எடுத்துவிட்டு வார்னிஷ் அடிக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். அதற்குத் தேவையே ஏற்படவில்லை.

கதவின் உட்புறத்தில், கண்ணில் படாத ஓரிடத்தில், ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வைத்துப் பார்த்ததும் பூச்சு இளகிப் பிசுபிசுத்ததால், அது அரக்கைக் கொண்டு செய்த பிரெஞ்சு பாலிஷ்தான் என்பது தெளிவாயிற்று (செயற்கை வார்னிஷான பாலியூரித்தேன் என்றால் ஸ்பிரிட்டுக்கு அசைந்து கொடுத்திருக்காது). காய்ந்த அரக்கு ஸ்பிரிட்டில் மறுபடியும் கரையும் என்பதால், பழைய மெழுகையும் அழுக்கையும் டர்பென்டைனால் துடைத்தபின், ஸ்பிரிட் தொட்ட தூரிகையால் மேலோட்டமாக நீவியபோது வெடிப்புகளில் பெரும்பாலானவை கூடிக்கொண்டன. அதன்மேல், ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு ஏறக்குறைய 125 கிராம் அரக்குச் செதில் என்ற அளவில் புதிதாகக் கரைத்த பாலிஷைத் துணிப்பொதியால் மெல்லிய பூச்சுகளாக ஏற்றினேன். காற்றில் ஈரம் மிகுந்தால் அரக்குப் பூச்சு வெளுத்துவிடும்; ஆகவே மழை நாள்களில் வேலையை நிறுத்தி வைத்தேன்.

உப்புத்தாள் போட்டால்தான் பளபளக்கும் என்று கிருஷ்ணகிரியிலிருந்து வந்த ஆசாரி வற்புறுத்தினார்; அதற்கு நான் இணங்கவில்லை. இரும்பு ஆணிகளைச் சுற்றியுள்ள கருங்கறையை ஆக்சாலிக் அமிலம் போக்கும் என்றாலும், அதற்காகச் சுற்றியுள்ள பூச்சை எடுக்க வேண்டியிருக்கும் என்பதால் அதை அப்படியே விட்டுவிட்டேன்.