காலிறுதியில் தோற்ற சாக்ஷி மலிக்குக்கு வெண்கலம் எப்படிக் கிடைத்தது?

கேள்வி:
2016 ரியோ ஒலிம்பிக்கின் மகளிர் 58 கிலோ ஃப்ரீஸ்டைல் மல்யுத்த முடிவுகளை என் மகளுக்குப் படித்துக் காட்டினேன். காலிறுதியில் ரஷ்யாவின் வலேரியா கோப்லோவாவிடம் 2-9 எனத் தோற்ற சாக்ஷி மலிக், அன்றே வெண்கலம் வாங்கியிருக்கிறார். டென்னிசில் காலிறுதியில் தோற்றவர் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். போதாக்குறைக்குத் துனிசியாவின் மர்வா அம்ரிக்கும் வெண்கலம் என்றிருக்கிறது. மகளுக்கு நான் என்ன விளக்கம் சொல்வது?

மறுமொழி 1:
இதற்கு ரெப்பசாஜ் என்று பெயர். இறுதிப்போட்டிக்குச் செல்லும் இருவரிடம் முந்தைய சுற்றுகளில் தோற்றவர்களுக்கு மட்டும் மறுவாய்ப்பு உண்டு. அவர்கள் தங்களுக்குள் மோதி, கடைசியில் அதே பக்கத்தில் அரையிறுதியில் தோற்றவரைச் சந்திக்க வேண்டும். அட்டவணையில் இரண்டு பக்கங்கள் இருப்பதால்தான் வெண்கலமும் இரண்டு. கோப்லோவா இறுதிக்குப் போனதால் சாக்ஷிக்குக் கதவு திறந்தது. முதலில் மங்கோலியாவின் ஓர்கோன் புரேவ்தோர்ஜை 12-3 என வென்றார்; அடுத்து கிர்கிஸ்தானின் ஐசுலு தினிபெகோவா.

மறுமொழி 2:
அந்தக் கடைசிப் போட்டியை உங்கள் மகள் காணொளியில் பார்க்கட்டும். முதல் மூன்று நிமிடங்களின் முடிவில் சாக்ஷி 0-5 எனப் பின்தங்கியிருந்தார், எழுந்து வருவார் என்று பார்த்துக்கொண்டிருந்த எங்களில் ஒருவரும் நம்பவில்லை. இரண்டாம் பகுதியில் கால்களைக் குறிவைத்துப் பாய்ந்து புள்ளிகளைச் சேர்த்து 5-5 என்று கொண்டுவந்தவர், சில வினாடிகளே மிஞ்சியிருந்தபோது மீண்டும் எதிராளியை விரிப்பில் வீழ்த்தி இரண்டு புள்ளிகள் எடுத்தார். கிர்கிஸ்தான் தரப்பு முறையிட்டது. அது தள்ளுபடியானதால் இன்னொரு புள்ளியும் சேர்ந்து 8-5 ஆயிற்று. ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்திய மல்யுத்த வீராங்கனை இவர்தான். ஆகவே இதை ஓசிப் பதக்கம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

கேட்டவர்:
விளக்கங்களுக்கு நன்றி. ஆனால் ஒருவருடைய வாய்ப்பு, தன்னை வென்றவரின் அடுத்த வெற்றியைப் பொறுத்திருப்பது நியாயமா?

மறுமொழி 3:
முழு நியாயம் என்று நான் சொல்லமாட்டேன். கோப்லோவா அரையிறுதியில் சறுக்கியிருந்தால் சாக்ஷியின் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் குலுக்கலில் முதல் சுற்றிலேயே மிக வலுவானவரிடம் மாட்டிக்கொள்பவருக்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை. 2024 பாரிஸில் 50 கிலோ பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டவர் எவரிடமும் அதுவரை தோற்றிராத ஜப்பானின் யுயி சுசாகியை முதல் போட்டியிலேயே வினேஷ் போகட் 3-2 என வீழ்த்தினார். மறுநாள் காலை எடை 100 கிராம் கூடியிருந்ததால் வினேஷ் நீக்கப்பட்டார். அரையிறுதியில் அவரிடம் தோற்றிருந்த கியூபாவின் குஸ்மான் இறுதியில் இறங்கினார், சுசாகியோ ரெப்பசாஜ் வழியாக வந்து வெண்கலம் பெற்றார். வென்றவருக்கு ஒன்றுமில்லை, தோற்றவர்களுக்குப் பதக்கம் என்று அப்போது பலர் கொதித்தது இதனால்தான். என்றாலும் அதில் குற்றம் ரெப்பசாஜில் இல்லை, எடை விதியின் கடுமையில்தான் இருக்கிறது.

மறுமொழி 2:
ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். சாக்ஷியை வென்ற அந்தக் கோப்லோவாவும் இறுதியில் 2-1 என முன்னிலையில் இருந்து, கடைசி வினாடிகளில் ஜப்பானின் கஓரி இச்சோவிடம் 2-3 எனத் தங்கத்தை இழந்தார். இச்சோவுக்கு அது தொடர்ச்சியாக நான்காவது ஒலிம்பிக் தங்கம். மகளுடன் அதையும் பாருங்கள்.