ஜென்கின்ஸ் சர்வரில் ஜாவா மாற்றிய அனுபவங்கள்: கீழக்கரை, மண்டபம், தொண்டி

கீழக்கரையிலிருந்து:

வீட்டிலிருந்தே ஒரு சென்னை கம்பெனியின் ஜென்கின்ஸ் சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். எழுதிய கோடைத் தானாகக் கம்பைல் செய்து, சோதித்து, வெளியிட உதவும் மென்பொருள்தான் ஜென்கின்ஸ்; அது ஓட ஜாவா வேண்டும். 2024 ஜனவரி 24 அன்று வந்த பாதுகாப்பு அறிவிப்பு பலருக்கு நினைவிருக்கும். ஜென்கின்ஸுக்குக் கட்டளைகளை டைப் செய்து அனுப்பும் கட்டளை வரி வசதியில் '@' போட்டு ஃபைல் பெயரைக் கொடுத்தால், லாகின் இல்லாதவர்கூட சர்வரில் உள்ள அந்த ஃபைலின் முதல் சில வரிகளைப் பார்த்துவிடலாம். படிக்கும் அனுமதி உள்ளவர் என்றால் முழு ஃபைலும் கிடைக்கும். பாஸ்வேர்டுகளும் சாவிகளும் இருக்கிற இடம் அது.

சரிசெய்த பதிப்பு 2.426.3. எங்கள் சர்வரோ 2.346இல், ஜாவா 8இல் நின்றது. 2.361.1 முதல் ஜாவா 11 கட்டாயம். மருந்து கையில் இருந்தும் போட முடியவில்லை. "ஓடுற சர்வர்ல எதுக்குக் கை வைக்கணும்?" என்று மேலிடம் தள்ளித் தள்ளிப் போட்டதன் விலை இது.

முதலில் கட்டளை வரி வசதியை மூடினோம். அப்புறம் ஜென்கின்ஸைத் தொடாமல் ஜாவாவை மட்டும் 17க்கு மாற்றினோம், 2.346 வரிசை 8, 11, 17 மூன்றிலும் ஓடும். பில்ட்கள், அதாவது கோடை மென்பொருளாக ஆக்கும் வேலைகள், ஒழுங்காக ஓடுவதைப் பார்த்த பிறகே ஜென்கின்ஸை ஏற்றினோம். இரண்டையும் ஒன்றாக மாற்றியிருந்தால் எதனால் உடைந்தது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடாகியிருக்கும்.

மேலிடத்தின் பயம், வாடிக்கையாளரின் கோடு ஜாவா 8இல் இருக்கிறதே என்பது. ஜென்கின்ஸ் ஓடும் ஜாவா வேறு, கோடைக் கம்பைல் செய்யும் ஜாவா வேறு. ஜென்கின்ஸின் டூல்ஸ் அமைப்புப் பக்கத்தில் ஜாவா 8ஐத் தனியாகச் சேர்த்துவிட்டால் அந்த பில்ட் பாட்டுக்கு ஓடும். இதைப் புரிய வைக்கத்தான் அதிக நேரம் போனது.

மண்டபத்திலிருந்து:

கீழக்கரை காக்கா (அண்ணன்) சொன்னதோடு ஏஜென்ட்களையும், அதாவது முதன்மை சர்வருக்காக பில்ட்களை ஓட்டும் மற்ற மெஷின்களையும், சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 அக்டோபரில் வந்த 2.479.1க்கு ஜாவா 17 வேண்டும். நாங்கள் ஏற்றியபோது முதன்மை சர்வர் நன்றாக எழுந்தது. இறால் கொள்முதல் மென்பொருளின் பில்ட்கள் மட்டும் வரிசையில் அப்படியே நின்றன. ஏஜென்ட்டின் லாகில் (நடந்ததைப் பதிவு செய்யும் ஃபைலில்) 'அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன் எரர்', அதன் கீழே 61.0, 55.0 என்று இரண்டு எண்கள். 61 என்பது ஜாவா 17, 55 என்பது ஜாவா 11. அந்த மெஷினில் இருந்தது 11. இந்த எண்களைத் தெரிந்து வைத்திருந்தால் லாகைப் பார்த்ததுமே விடை கிடைத்துவிடும். இப்போது ஏஜென்ட்களில் ஜாவாவை முதலில் மாற்றிவிட்டுத்தான் சர்வர் பக்கம் போகிறோம்.

எப்போது செய்வது என்று கேட்பவர்களுக்கு: எங்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம்தான் தோது. விசைப்படகு கடலுக்குப் போகாது, கொள்முதல் நிலையங்களும் அவசரப்படுத்தாது. நாட்டுப்படகுக் கணக்கு மட்டும் ஓடும். ஜாவா 17க்கு ஜென்கின்ஸ் தந்த ஆதரவும் 2026 மார்ச் 31 வரைதான் என்று நிர்வாகப் பக்கத்திலேயே எச்சரிக்கை வந்தது. அதனால் புதிதாக ஏற்றுபவர்கள் 17இல் நிற்காமல் நேரே 21க்குப் போங்கள். 2.426.1 முதலே 21இல் ஓடுகிறது.

தொண்டியிலிருந்து:

கீழக்கரை அண்ணன் சொன்ன டூல்ஸ் வழியில் ஒரு விதிவிலக்கு உண்டு. மேவன் என்ற ஜாவா பில்ட் கருவிக்கான 'மேவன் பிராஜெக்ட்' வகை ஜாப் (ஜென்கின்ஸில் அமைத்துவைக்கும் வேலை) என்றால் ஜாவா 8 செல்லாது. அந்த வகை ஜென்கின்ஸின் சொந்த கோடையே பில்ட் நடக்கும் ஜாவாவுக்குள் ஏற்றுகிறது. எங்களிடம் இருந்தவற்றை, படிகளை ஸ்கிரிப்டாக எழுதும் பைப்லைன் வகைக்கு மாற்றினோம், பிரச்சினை தீர்ந்தது. மாற்றுவதற்கு முன் ஜென்கின்ஸ் ஹோம் (அதன் அமைப்புகளும் ஜாப்களும் இருக்கும் ஃபோல்டர்) முழுவதையும் வேறு மெஷினில் காப்பி எடுத்து, அங்கே ஒரு தடவை ஏற்றிப் பாருங்கள். காப்பியில் ஓடும் ஜாப்களை முதலில் நிறுத்திவிடுங்கள்; இல்லையென்றால் அதுவும் உண்மையான சர்வருக்கு டெப்லாய் செய்ய (மென்பொருளை அங்கே நிறுவ) கிளம்பிவிடும்.