22×28 மி.மீ. யுடபிள்யூபி (மிகு அகலப்பட்டை) ஆன்டெனா: 160 மணி நேரம் ஓட்டியும் கீழ்ப்பட்டை சரியாகவில்லை

செப்புத்தகடு:
1.6 மி.மீ. எஃப்ஆர்4-இல் (கண்ணாடியிழை சர்க்யூட் போர்டு) பிளானர் மோனோபோல், அதாவது தட்டையான ஒற்றைக்கிளை ஆன்டெனா. 3.1–10.6 கிகாஹெர்ட்ஸ் முழுக்க எஸ்11 (ஆன்டெனாவில் பட்டுத் திரும்பி வரும் சக்தியின் அளவு) -10 டெசிபெல்லுக்குக் கீழே வர வேண்டும். 12 மாறிகள், ஓபன்இஎம்எஸ் (சிமுலேஷன் மென்பொருள்), பிஎஸ்ஓ (துகள் கூட்டத் தேடல் முறை): 40 துகள், 60 சுற்று, ஓட்டத்துக்கு 4 நிமிடம். எஸ்11 சராசரியைக் குறைக்கச் சொல்லியிருந்தேன். சிமுலேஷனிலேயே 3.6 கிகாஹெர்ட்ஸ் பக்கம் -8 வரை ஏறுகிறது. போர்டு அடித்து விஎன்ஏவில் (எஸ்11 அளக்கும் கருவி) பார்த்தால் 4-க்குக் கீழே வளைவே வேறு. எங்கே கை வைக்கலாம்?

அலைநீளம்:
முதலில் சராசரியை விடுங்க. 7 கிகாஹெர்ட்ஸில் ஒரு -35 பள்ளம் விழுந்தால் போதும், 3.6-இல் இருக்கும் மேடு கணக்கில் காணாமல் போய்விடும். பட்டைக்குள் எஸ்11 எங்கே அதிகமோ அந்த ஒரு மதிப்பைக் குறையுங்க. இலக்கு -12, உற்பத்திப் பிழைக்கு இடம் வேண்டும். அளவைச் சுருக்குவது அதற்குப் பிறகுதான்: பரப்பளவு இலக்கு, -10-ஐத் தாண்டினால் அபராதம்.

கட்டம்_வரி:
12 மாறி தேவையே இல்லை. ஒவ்வொன்றையும் 2% அசைத்துப் பாருங்க; வளைவு நகராததை நிறுத்திவிடலாம். பெரும்பாலும் மிஞ்சுவது ஆறு: ஃபீட் இடைவெளி (பேட்சுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே), கிரவுண்ட் நீளம், ஃபீடுக்கு அடியில் கிரவுண்டில் வெட்டும் பள்ளத்தின் அகலம், ஆழம், பேட்சின் (கதிர்வீசும் உலோகத் தகடு) அகலம், அடிச்சரிவு. பிறகு டிரஸ்ட்-ரீஜியன் கிரேடியன்ட் முறை (சரிவைக் கணக்கிட்டு, நம்பக்கூடிய சிறு எல்லைக்குள் மட்டும் நகர்வது): சுற்றுக்கு சரிவு கணக்கிட 6 ஓட்டம், சோதனைக்கு 1. பத்துச் சுற்றுக்கு 70 ஓட்டம், ஐந்து மணி நேரத்துக்குள் முடியும்.

ஆனால் மெஷ்ஷை (சிமுலேஷன் இடத்தைச் சிறு செல்களாகப் பிரிக்கும் வலை) சரிசெய்யாமல் இதைத் தொடாதீங்க. 0.5 மி.மீ. செல்லில் 0.4 மி.மீ. இடைவெளியை 0.45 ஆக்கினால் ஒன்று மாற்றமே தெரியாது, இல்லை ஒரேயடியாகத் தாவும். சரிவு கணக்கிட்டால் குப்பைதான் வரும். உலோக விளிம்புகளில் மெஷ் கோடு உட்காரணும், இடைவெளிக்குள் நாலு செல்லாவது இருக்கணும். செல் சிறுத்தால் டைம்ஸ்டெப்பும் (சிமுலேஷன் ஒவ்வொரு முறையும் முன்னேறும் நேர அளவு) சிறுக்கும், ஓட்டம் நீளும். அதையும் கணக்கில் வையுங்க.

செப்புத்தகடு:
மெஷ் புரிகிறது. அளவீட்டில் 4-க்குக் கீழே மாறுவதற்கும் அதுதான் காரணமா?

அலைநீளம்:
இல்லை, அது கேபிள். இவ்வளவு சின்னக் கிரவுண்டில் மின்னோட்டம் எஸ்எம்ஏ (கேபிள் இணைப்பான்) வழியாகக் கேபிளின் வெளிப்பரப்புக்குப் போய்விடும். கேபிளும் சேர்ந்து கதிர்வீசும். அளக்கும்போது கேபிளைக் கையால் பிடித்து நகர்த்துங்க, வளைவு ஆடினால் சந்தேகமே வேண்டாம். எஸ்எம்ஏவையும் 8 செ.மீ. கேபிளையும் மாடலில் சேர்த்து மறுபடி ஓட்டுங்க. கிரவுண்டின் ஒரு பக்கம் எல் வடிவக் கிளையை நீட்டி, அதன் நீளத்தையும் மாறியாக்கினால் 3.1 பக்கம் இறங்கும்.

கட்டம்_வரி:
கேபிளில் ஃபெரைட் வளையம் மாட்டி எஸ்11 நன்றாக வந்தால் நம்பாதீங்க. இந்த அதிர்வெண்ணில் அது சக்தியை விழுங்கியே வளைவை அழகாக்கும். எஃப்ஆர்4-இன் இழப்பும் அப்படித்தான், அதனால் கதிர்வீச்சுத் திறனையும் ஒரு நிபந்தனையாகச் சேருங்க.