மாங்கா லோடுக்குப் பின் டயர்ல காத்து எவ்வளவு வைக்கணும்?

காவேரிப்பட்டணத்தான்:
செகண்ட்ஸ்ல ஒரு பிக்கப் வாங்கியிருக்கேன். கதவு ஓரத்துல இருக்கிற காத்து அளவு ஸ்டிக்கர் சுரண்டிப் போச்சு. சீசனுக்கு செந்தூரா, பெங்களூரா ஏத்திக்கிட்டு தொப்பூர் கணவாய் எறங்கி கோயமுத்தூர் போகணும். பஞ்சர் கடையில ஒருத்தர் நாலுக்கும் 40 போதும்ங்கறார், இன்னொருத்தர் பின்னாடி 70 அடிங்கறார். டயர்ல 65 பி.எஸ்.ஐ.னு இருக்கு. மத்தியானம் கேஜ் வச்சா காலையில அடிச்சதை விட ஏறி நிக்குது. எறக்கி விடணுமா?

ஊத்தங்கரை லோடு:
டயர்லயே 65னு இருக்குல்ல ப்ரோ, நாலுலயும் அடிச்சுட்டுக் கிளம்புங்க. நைட்ரஜன் போட்டா சூடே ஏறாது.

பழைய கேஜ்:
தம்பி, நாலுலயும் 65 வேணாம். தர்மபுரி பைபாஸ் பக்கம் டயர் கடை வச்சிருக்கேன். மே மாசம் என்கிட்ட கிழிஞ்சு வர்றதுல பெரும்பாலானது காத்து கூடி வெடிச்சது இல்ல, கம்மிக் காத்துல லோடோட ஓடினது. காத்து கம்மின்னா ஒவ்வொரு சுத்துக்கும் பக்கச் சுவர் மடங்கி விரியும். கம்பியை வளைச்சு வளைச்சு ஒடிக்கிற மாதிரிதான். உள்ள சூடேறி ரப்பரும் அதுக்குள்ள இருக்கிற நூலும் பிரிஞ்சுடும். பழி மட்டும் வெயிலுக்கு.

65ங்கறது அந்த டயர் தாங்கற உச்ச எடைக்கு, குளிர்ந்த நிலையில வைக்க வேண்டிய காத்து. உங்க வண்டிக்குச் சொன்ன அளவு ஸ்டிக்கர்ல இருந்தது. காலி வண்டிக்கு ஒண்ணு, லோடுக்கு ஒண்ணுன்னு ரெண்டு வரி இருக்கும். வண்டியோட கையேட்டுலயும் இருக்கும், இல்லேன்னா சர்வீஸ்ல கேளுங்க. செகண்ட்ஸ் வண்டி, டயர் சைஸ் மாத்தியிருக்காங்களான்னும் பாத்துக்கோங்க. லோடுல எடை விழறது பெரும்பாலும் பின் அச்சு மேல. அதனால பின்னாடிதான் நல்லா கூட்டணும், முன்னாடி கொஞ்சம்தான் மாறும்.

ஒரு வேலை செய்யுங்க. லோடோட எடைமேடையில பின் சக்கரம் ரெண்டை மட்டும் ஏத்தி எடை எடுங்க. 1800 கிலோ காட்டினா டயருக்கு 900. டயர்ல சைஸுக்குப் பக்கத்துல ஒரு நம்பர் இருக்கும்: 100னா 800 கிலோ, 104னா 900, 106னா 950. 104 டயர்னா நீங்க ஏற்கெனவே உச்சத்துல நிக்கறீங்க. அதுக்கு மேல மாங்காப் பெட்டி அடுக்கிட்டு 70 அடிச்சாலும் டயரோட பலம் கூடாது. நம்மாளுங்க இதை மட்டும் ஒத்துக்கவே மாட்டாங்க!

காத்து பாக்கறது விடியக்காலம், வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி, இல்லேன்னா மூணு மணி நேரமாவது நின்னப்புறம். 60 வச்ச டயர் ஓட்டத்துல 25 டிகிரி சூடானா 6 பி.எஸ்.ஐ. ஏறும். அந்த அளவெல்லாம் இதை எதிர்பார்த்தே போட்டது. சூட்டுல எறக்கி விட்டா ராத்திரி ஆறினதும் கம்மியாத்தான் நிக்கும், மறுநாள் அதே கம்மிக் காத்துல லோடு ஏத்துவீங்க. நைட்ரஜனும் சூட்டுல ஏறத்தான் செய்யும். சாதாரணக் காத்துலயே 78 சதவீதம் அதுதானே.

தொப்பூர்ல நியூட்ரல் போட்டு எறங்காதீங்க. பிரேக்கையே மிதிச்சுட்டு வந்தா அந்தச் சூடு ரிம்முக்கும் டயருக்கும் போகும். ஏத்தத்துக்குப் போடற கியர்லயே எறங்குங்க.

பாலக்கோடு கரும்பு:
ஐயா, எங்களுது டிராக்டர், பின்னாடி ரெண்டு சக்கர டிரெய்லர். வயல்ல இருக்கிற காத்தோட ரோட்டுக்கு வந்தா பின்னாடி அலையுது.

பழைய கேஜ்:
அலையத்தான் செய்யும்ங்க. வயலுக்கு மண்ணைப் பிடிக்கணும்னு கம்மியா வைக்கறோம். ரோட்டுல லோடு இழுக்கறப்ப டிரெய்லர் பாரத்துல ஒரு பங்கு கொக்கி வழியா டிராக்டரோட பின் டயர்லதான் விழும், அதனால கையேட்டுல ரோடு லோடுக்குச் சொன்ன அளவுக்கு ஏத்துங்க. டிரெய்லர் டயருக்கு அளவு வேற, ரெண்டையும் ஒண்ணா அடிக்காதீங்க. கரும்பைப் பின்னாடி தள்ளி அடுக்கினா கொக்கி மேல தூக்கும், முன்னாடி ரொம்பத் தள்ளினா டிராக்டர் மூக்கு லேசாகி ஸ்டியரிங் கேக்காது. எடைக்காக டயர்ல தண்ணி ஏத்தியிருந்தா வால்வு மேல வர்ற மாதிரி நிறுத்திக் காத்து பாருங்க.

காவேரிப்பட்டணத்தான்:
நன்றிங்ணா. திரும்பி வர்றப்ப வண்டி காலி. பின்னாடி எறக்கணுமா?

பழைய கேஜ்:
மறுநாளே லோடுன்னா விட்டுடுங்க. ஆனா பின்பக்கம் துள்ளும், மழைன்னா பிரேக்ல வழுக்கும், மெதுவா வாங்க. சீசன் முடிஞ்சு காலியாவே ஓடறதா இருந்தா ஒரு காலையில காலி வண்டி அளவுக்கு எறக்கிடுங்க, இல்லேன்னா டயர் நடுவுலயே தேயும். ஸ்டெப்னியில எப்பவும் லோடு அளவு இருக்கட்டும். ரோட்டோரத்துல எறக்கறது சுலபம், ஏத்தறதுக்குத்தான் ஆள் தேடணும்.