வீட்டிலிருந்தே வலைப்பூ தொடங்கப் பழக வேண்டும். 45,000 ரூபாய் வகுப்புக்குப் போகத்தான் வேண்டுமா?

கொட்டாஞ்சேனை தையல் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கொட்டாஞ்சேனையில் வீட்டிலேயே சாறி பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். கலியாணம் முடித்த காலத்திலிருந்து இதுதான் தொழில். ஜம்பட்டா வீதி, மட்டக்குளி, வத்தளை வரைக்கும் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். கொரோனா நேரத்தில் ஆட்கள் வர முடியாமல் போனபோது வாட்ஸ்அப்பில் சந்தேகம் கேட்கத் தொடங்கினார்கள். அது இன்றுவரை நிற்கவில்லை. கையைத் தூக்கினால் பிளவுஸ் ஏன் மேலே ஏறுகிறது, கழுத்து ஏன் தோளிலிருந்து வழுக்குகிறது, லைனிங் துணியை வெட்ட முதல் நனைக்க வேண்டுமா என்று கேட்பார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப வொய்ஸில் அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

இதையெல்லாம் ஒரு வலைப்பூவில் எழுதி வைத்தால் லிங்கை அனுப்பினால் போதுமே என்று மகள் சொன்னாள். எனக்கும் அந்த யோசனை பிடித்துவிட்டது. தமிழில் தையல் வீடியோ நிறைய இருக்கிறது. ஆனால் துணியை மேசையில் விரித்துவிட்டு, கையில் கத்தரிக்கோலோடு நிற்பவருக்கு வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது சரியான கரைச்சல். எழுத்தில் இருந்தால் ஒரு பார்வையில் அளவை எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு இடத்தில் போய் விசாரித்தேன். மூன்று மாத வகுப்பு, 45,000 ரூபாய். ஆறு மாதத்தில் மாதம் ஒரு இலட்சம் உழைக்கலாம் என்றும் சொன்னார்கள். அவ்வளவு காசு என்னிடம் இல்லை. ஐந்தாயிரம் வரை ஒதுக்கலாம். கையில் ஒரு போனும் மகன் பாவித்த பழைய லப்டொப்பும் இருக்கின்றன. ஆங்கிலம் கடிதம் வாசித்து விளங்கும் அளவுக்குத்தான். குறைந்த செலவில் வீட்டிலிருந்தே பழக வழி இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெள்ளவத்தை மாடித்தோட்டம் எழுதியது:

அக்கா, அந்த 45,000 ரூபாயைக் கட்ட வேண்டாம். நான் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் இருக்கிறேன். பல்கனியில் வளர்க்கிற பசளி, கறிவேப்பிலை, பச்சை மிளகாய் பற்றிப் பல வருடமாக எழுதி வருகிறேன். எந்த வகுப்புக்கும் காசு கொடுத்ததில்லை. அதனால் ஆறுதலாகச் சொல்கிறேன், கேளுங்கள்.

வலைப்பூவில் உண்மையில் கஷ்டமான பகுதி சொல்வதற்கு விஷயம் வைத்திருப்பது. அது உங்கள் வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே கிடக்கிறது. மற்றவர்கள் என்ன எழுதுவது என்று தெரியாமல் மாதக்கணக்கில் முழிப்பார்கள். உங்களுக்கு வந்த கேள்விகளைப் பாருங்கள், ஒவ்வொன்றும் ஒரு பதிவு. இன்றைக்கே ஒரு கொப்பியை எடுத்து, பழைய மெசேஜ்களில் அடிக்கடி வந்த கேள்விகளை அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். அந்த வார்த்தை முக்கியம். கூகுளில் தேடுபவரும் அப்படித்தான் தேடுவார். ‘பிளவுஸ் தையல் நுணுக்கங்கள் பாகம் 1’ என்று தலைப்பு வைத்தால் யாருக்கும் அகப்படாது. ‘கையைத் தூக்கினால் பிளவுஸ் மேலே ஏறுவது ஏன்?’ என்று வைத்தால் அந்தப் பிரச்சினை உள்ளவர் நேரே உங்களிடம் வந்து நிற்பார்.

எங்கே எழுதுவது? பிளாக்கரில் தொடங்குங்கள். 1999இல் தொடங்கிய சேவை, 2003இல் கூகுள் வாங்கியது. ஜிமெயில் கணக்கு இருந்தால் போதும், ஒரு சதமும் செலவில்லை. பெயர் ஒன்று வைத்து, முகவரி ஒன்று தெரிவு செய்து, ‘புதிய இடுகை’ என்பதை அழுத்தி எழுத வேண்டியதுதான். மெனு எல்லாம் தமிழில் வரும்படி மாற்றலாம். போனில் குரோம் வழியாகவும் செய்யலாம், ஆனால் படங்களைச் சரியான இடத்தில் வைக்க லப்டொப்தான் வசதி.

இப்போது பழகும் விஷயத்துக்கு வருகிறேன். யூடியூபில் தமிழில் பிளாக்கர் பாடங்கள் ஏராளம். பெரும்பாலும் தமிழ்நாட்டுத் தம்பிமார் செய்தவை, பொறுமையாக விளங்கப்படுத்துவார்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வீடியோவின் திகதி. பிளாக்கரின் தோற்றம் 2020இல் மாறிவிட்டது. அதற்கு முந்திய வீடியோவில் காட்டும் பட்டன்கள் உங்கள் திரையில் வேறு இடத்தில் இருக்கும். பிழை தன்னில்தான் என்று நினைத்துப் பாதியில் விட்டவர்களை எனக்குத் தெரியும். வலைப்பூ எழுதும் இன்னொரு வழியான வேர்ட்பிரஸ் பற்றிய பாடங்களுக்கும் இதே கதைதான். 2018 டிசம்பரில் அதன் எழுதும் பக்கம் முழுவதுமாக மாறியது. ஆக, காசு கொடுத்து வாங்கும் பாடம் என்றாலும் முதலில் திகதியைப் பாருங்கள்.

இன்னொன்று. முழுப் பாடத்தையும் பார்த்து முடித்துவிட்டு எழுதலாம் என்று இருக்காதீர்கள். இன்றைக்குப் படம் சேர்க்க வேண்டுமா, அதை மட்டும் தேடிப் பாருங்கள். செய்து பாருங்கள். அடுத்த தேவை வரும்போது அடுத்தது. நீங்கள் தையல் பழகியதும் அப்படித்தானே இருந்திருக்கும், மெஷினுக்கு நூல் கோர்த்த அன்றே கலியாண பிளவுஸ் வெட்டியிருக்க மாட்டீர்கள்.

ஆங்கிலம் தடையில்லை. தமிழிலேயே எழுதுங்கள். ஆங்கிலத்தில் தையல் பற்றி எழுத உலகம் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள். ‘கைக்குழி’ என்றும் ‘அளவுச் சட்டை’ என்றும் எங்கள் பேச்சில் சொல்லித் தருவதற்குத்தான் ஆள் குறைவு.

தெமட்டகொடை வெப் எழுதியது:

மாடித்தோட்டம் அக்கா சொன்னது முழுக்கச் சரி. நான் இணையத்தளம் செய்து கொடுக்கிற தொழிலில் இருப்பதால் சில விஷயம் சேர்க்கிறேன்.

வேர்ட்பிரஸ் என்ற பெயரில் இரண்டு இருக்கின்றன, அன்ரி. டொட் கொம் என்று முடிவது அவர்களே நடத்தும் சேவை, அதில் இலவசக் கணக்கும் உண்டு. டொட் ஓர்க் என்று முடிவது மென்பொருள். அதை நாங்கள் வாடகைக்கு இடம் எடுத்து நிறுவ வேண்டும். வகுப்புகளில் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் படிப்பிக்கிறார்கள், அதோடு வருடா வருடம் அந்த இடத்துக்கான ஹோஸ்டிங் செலவும் சேர்ந்து வரும். உங்களுக்கு இப்போது அது தேவையே இல்லை.

அந்த ஐந்தாயிரத்தில் ஏதாவது வாங்குவதென்றால் சொந்தப் பெயரில் ஒரு டொமைன், அதாவது இணைய முகவரி, வாங்குங்கள். அதை பிளாக்கருடன் இணைக்க கூகுள் காசு கேட்பதில்லை. பிறகு ஒரு காலத்தில் வேர்ட்பிரஸுக்கு மாறினாலும் முகவரி மாறாது, நீங்கள் அனுப்பிய லிங்க் எல்லாம் வேலை செய்யும்படி வைத்துக்கொள்ளலாம். வாங்கும்போது முதல் வருட விலையைப் பார்த்து மயங்க வேண்டாம், புதுப்பிக்கும் விலை எவ்வளவு என்று பாருங்கள். பல இடங்களில் இரண்டாவது வருடம் விலை கூடும். முக்கியமாக, உங்கள் பெயரில், உங்கள் ஈமெயிலில் பதியுங்கள். ‘நான் எடுத்துத் தருகிறேன்’ என்று யாராவது தன் கணக்கில் எடுத்தால் அது அவருடையதுதான். பிறகு அவரோடு பேச்சு முறிந்தால் உங்கள் உழைப்பு அவர் கையில். இப்படி அகப்பட்டவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள், பார்க்கவே கவலையாக இருக்கும்.

ஜிமெயிலுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பை, அதாவது கடவுச்சொல்லோடு இன்னொரு உறுதிப்படுத்தலும் கேட்கும் வசதியை, கட்டாயம் போடுங்கள். அந்த ஒரு கணக்குப் போனால் வலைப்பூவும் போகும். பிளாக்கரின் அமைப்புகளில் உள்ளடக்கத்தைக் காப்புப் பிரதி எடுக்கும் வசதி இருக்கிறது, மாதம் ஒரு தடவை எடுத்து லப்டொப்பில் வையுங்கள்.

பாடம் ஒழுங்காகப் படிக்க விருப்பம் வந்தால், மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசப் பயிற்சிகள் நடத்துகிறது. ஆரம்பநிலை வெப் டிசைன் பாடமும் அதில் உண்டு, ஆனால் ஆங்கிலத்தில். மகளுக்கு ஆர்வம் இருந்தால் அவர் படிக்கட்டும். இணையத்தில் பாடம் விற்கும் யூடெமி போன்ற தளங்களில் அடிக்கடி விலைக் கழிவு வரும், முழு விலைக்கு எதையும் வாங்க வேண்டாம். ஆசிரியர் முன்னால் இருந்தால்தான் ஏறும் என்றால், நாரஹேன்பிட்டியில் தலைமையகம் உள்ள அரசாங்கத் தொழிற்பயிற்சி அதிகார சபையிடம் கணினிப் பயிற்சி பற்றிக் கேட்டுப் பாருங்கள். தனியார் கேட்கும் கட்டணத்துக்கு முன் அங்கே கேட்பதுதான் ஒழுங்கு.

பம்பலப்பிட்டி கணக்கு எழுதியது:

வருமானத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். சகோதரி, மாதம் ஒரு இலட்சம் என்று சொன்னதை நம்பி எந்தக் காசும் கட்ட வேண்டாம். எங்கள் பக்கத்தில் விளம்பரம் காட்டிக் காசு தரும் கூகுளின் அட்சென்ஸ் 2018 பெப்ரவரியிலிருந்து தமிழுக்கும் கிடைக்கிறது, அது உண்மை. கணக்கில் 10 டொலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க வீட்டுக்கு ஒரு இரகசிய இலக்கம் (PIN) தபாலில் அனுப்புவார்கள். 100 டொலர் சேர்ந்தால்தான் பணம் வெளியே வரும். தமிழ்ப் பக்கங்களில் விளம்பரத்துக்குக் கிடைக்கும் தொகை குறைவு, அந்த நூறைத் தொடவே நல்ல காலம் எடுக்கும்.

உங்களுக்கு வருமானம் வேறு வழியில் வரும் என்று உறுதியாக நம்புகிறேன். கைக்குழியைப் பற்றி வடிவாக எழுதிய ஒருவரிடம்தான் கலியாண பிளவுஸைக் கொடுக்க மனம் வரும். ஒவ்வொரு பதிவின் கீழும் எந்த ஊரில் தைக்கிறீர்கள், ஓடர் எடுத்தால் எத்தனை நாளில் கொடுப்பீர்கள் என்று இரண்டு வரி போடுங்கள். வீட்டு முகவரி வேண்டாம். தொழிலுக்கென்று தனியாக ஒரு சிம் எடுத்து அந்த இலக்கத்தை மட்டும் கொடுங்கள். ஆடி மாதம் கலியாண ஓடர் குறையுமல்லவா, அந்த நேரத்தில் கூடுதலாக எழுதி வைத்தால் ஆவணி நெருங்கும்போது வாசிக்க ஆட்கள் இருப்பார்கள்.

கொட்டாஞ்சேனை தையல் எழுதியது:

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. வகுப்பு எண்ணத்தை விட்டுவிட்டேன். மகளும் நானும் இருந்து பிளாக்கரில் பக்கத்தைத் திறந்துவிட்டோம். முதல் பதிவு கொப்பியில் எழுதி முடிந்தது. கையைத் தூக்கும்போது பிளவுஸ் ஏறுவதற்குக் காரணம் பெரும்பாலும் கைக்குழியை, அதாவது கை பொருந்தும் வளைவை, கீழே இறக்கி வெட்டுவதுதான். இறக்கினால் வசதியாக இருக்கும் என்று நினைப்பார்கள், நடப்பது நேர்மாறு. கை உயரும்போது உடம்புத் துணியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். இதை எழுதும்போது எனக்கே ஒரு சந்தோஷம் வந்தது. யாருக்கும் இவ்வளவு ஒழுங்காக நான் சொன்னதில்லை.

இப்போது மூன்று சந்தேகம். லப்டொப்பில் பாமினி எழுத்துருவில்தான் எனக்கு டைப் பண்ணத் தெரியும், முன்பு ஒரு அச்சகத்தில் வேலை செய்தபோது பழகியது. அதை அப்படியே போடலாமா? வாடிக்கையாளர் அனுப்பிய படங்களைப் போடலாமா? நல்ல படம் எடுக்க வேறு கமரா வாங்க வேண்டுமா?

வெள்ளவத்தை மாடித்தோட்டம் எழுதியது:

பாமினி எழுத்துருவில் டைப் பண்ணி அப்படியே ஒட்டினால் அக்கா, வாசிப்பவரின் போனில் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த கோலமாகத்தான் தெரியும். கூகுளுக்கும் அது தமிழ் என்று தெரியாது, தேடலில் வராது. எல்லாப் போனிலும் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோட் முறையில் இருக்க வேண்டும். அதற்காகப் புதிதாக டைப்பிங் பழகத் தேவையில்லை. இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் என்ற தமிழ் டைப்பிங் மென்பொருள் இரண்டும் இலவசம், இரண்டிலும் பாமினி விசைப்பலகை இருக்கிறது. அதே விரல் பழக்கத்தில் அடித்தால் யூனிகோட் எழுத்து விழும். முன்பே அடித்து வைத்தது இருந்தால் பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றித் தரும் பக்கங்கள் இணையத்தில் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒருதரம் வாசித்துத் திருத்துங்கள், சில எழுத்து இடம் மாறி வரும்.

போனில் கூகுளின் விசைப்பலகையான ஜீபோர்ட் போட்டால் மைக்கை அழுத்திப் பேசியே எழுதலாம். வொய்ஸ் மெசேஜ் அனுப்பிப் பழகிய உங்களுக்கு இது கைகொடுக்கும். யாரோ முன்னால் இருந்து கேட்பது போலப் பேசுங்கள், பிறகு வசனத்தை வெட்டித் திருத்துங்கள். அளவுகளை மட்டும் கவனமாகப் பாருங்கள். ஏழரை என்று சொன்னது ஏழு என்று விழுந்திருந்தால் ஒருவருடைய துணி வீணாகிவிடும்.

வாடிக்கையாளர் படத்தைக் கேட்காமல் போடக் கூடாது. முகம் தெரியாவிட்டாலும் கேளுங்கள். பிளவுஸ் போட்ட படம் என்பதால் இதில் இன்னும் கவனம் வேண்டும். சரி என்று சொன்ன மெசேஜை அழிக்காமல் வைத்திருங்கள். பின்ட்ரெஸ்டிலிருந்தும் வேறு தையல்காரரின் பக்கத்திலிருந்தும் படம் எடுத்துப் போடவே வேண்டாம், அது அவர்களின் உழைப்பு. உங்கள் பதிவுக்குத் தேவையானது வெட்டும் படம்தானே. பிரவுன் பேப்பரில் வரைந்து, கோடு தெளிவாகத் தெரிய மார்க்கரால் இழுத்து, அதைப் படம் எடுங்கள். யாருடைய அனுமதியும் தேவையில்லை.

கமரா வாங்க வேண்டாம், போன் தாராளம். காலையில் ஜன்னலோரம் மேசையை இழுத்துப் போட்டு, மேலே எரிகிற லைட்டை அணைத்துவிட்டு, நேர் மேலிருந்து எடுங்கள். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தெரியாது, மாதிரிக்கு வெள்ளை லைனிங் துணியில் சிவப்பு நூல் போட்டுத் தைத்துக் காட்டுங்கள். அளவு நாடாவை பேப்பருக்குப் பக்கத்தில் விரித்து வைத்தே எடுங்கள், எண்கள் படத்தில் வாசிக்கக்கூடியதாக இருக்கட்டும். ஏற்றுவதற்கு முன் படத்தின் அளவைக் குறைத்துவிடுங்கள். ரீலோட் டேட்டாவில் பார்ப்பவர்கள்தான் கூட, பெரிய படம் திறக்க நேரம் எடுத்தால் மூடிவிட்டுப் போய்விடுவார்கள்.

முதல் பதிவு போட்டதும் லிங்கை இங்கே ஒட்டுங்கள் அக்கா. கூகுள் தேடலில் பக்கம் எப்படி வருகிறது என்று காட்டும் சேர்ச் கொன்சோலில் பக்கத்தைப் பதியும் விதத்தை நான் படம் எடுத்துப் போடுகிறேன், அதுவும் இலவசம்தான். அப்புறம், எந்தக் கேள்வியைத் தேடி ஆட்கள் உங்களிடம் வருகிறார்கள் என்று அதிலேயே பார்க்கலாம், அடுத்த பதிவுக்கு அது உதவும். எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது: பருத்தி லைனிங்கை எவ்வளவு நேரம் தண்ணீரில் ஊற வைக்க வேண்டும்?