தம்பியின் பந்தயப் பழக்கம்: எப்படிப் பேச்சை எடுப்பது?

வணக்கம். என் தம்பி செல்போனில் பந்தயம் கட்டுகிறான். மாதம் இவ்வளவுதான் என்று கணக்கு வைத்து ஆடியவரை நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது விட்டதைப் பிடிக்கிறேன் என்று தோற்றதைப்போல் இரண்டு மடங்கு போடுகிறான். யாராவது பக்கத்தில் வந்தால் போனைக் கவிழ்த்து வைக்கிறான், கேட்டால் எரிந்து விழுகிறான். ஒருவரிடம் வாங்கிய கடனை அடைக்க இன்னொருவரிடம் கைநீட்டுகிறான்.

2013-இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற மனநலக் கையேடு இதைப் போதைப் பழக்கங்களோடு சேர்த்திருக்கிறது. 9 அறிகுறிகளில் ஓராண்டுக்குள் 4 தென்பட்டாலே கோளாறுதானாம். ஆகவே ‘மன உறுதி இல்லாதவன்’ என்று திட்டுவதில் பயனில்லை என்பது என் எண்ணம். (வீட்டில் யாரும் ஒத்துக்கொள்வதில்லை, அது வேறு கதை.)

இதிலிருந்து மீண்டவர்களும், வீட்டில் பார்த்தவர்களும் சொல்லுங்கள். முதல் பேச்சை எப்படி எடுத்தீர்கள்? கடனை நாங்கள் அடைத்தால் அதுவே அடுத்த ஆட்டத்துக்குத் தைரியம் கொடுத்துவிடுமா? தன் கணக்கைத் தானே முடக்கிக்கொள்ளும் வசதி சில ஆப்களில் இருக்கிறதே, அது நிஜமாகவே நிறுத்துகிறதா, இல்லை வேறு ஆப்புக்குத் தாவிவிடுகிறார்களா? மருத்துவரிடம் வரவே மாட்டேன் என்பவரை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்? தனிச்செய்தியில் எழுதினாலும் சரி.